பைக்குள் அடங்கும் பக்கவாத்தியம்

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று சின்ன மின்னணு இசைப் பெட்டிகளை அடுக்கி, ஒயர்களைச் செருகி, ஸ்பீக்கரைத் திறந்ததும் முதலில் வந்தது இசை இல்லை, ஓர் இரைச்சல். "ம்ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் யாரோ விடாமல் முனகுவது போல. பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துப் பழைய வீடு அது. சுவரிலுள்ள பிளக் பாயிண்டுகளில் பாதிக்கு எர்த் இருக்கிறதா என்பதே சந்தேகம். அக்கா மகன் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் செருகிப் பார்த்தான். இரைச்சல் அசையவில்லை. அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, அஞ்சு கட்டையில சுருதி போட்டு வச்சிருக்கீங்க?"

பன்னிரண்டு வருஷம் பாட்டுக் கற்றவள். அவள் காதை நான் சந்தேகப்படுவதில்லை. அலமாரியிலிருந்து அவளுடைய பழைய மின்னணுச் சுருதிப் பெட்டியை எடுத்து ஐந்து கட்டையில் வைத்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டன. இரைச்சல் கொஞ்சம் தூக்கலாக நின்றது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டால் விஷயம் புரிகிறது. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை 'ஸி'யிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஐந்தாவது 'ஜி'. அதன் கீழ் ஸ்தாயிகளில் ஒன்று விநாடிக்கு 49 அதிர்வு. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஆக, நம் நாட்டு மின்சாரம் ஐந்து கட்டையில், அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூக்கலாக, இரவும் பகலும் பாடிக்கொண்டிருக்கிறது. அது 50ஓடு நிற்பதுமில்லை. 100, 150, 200, 250 என்று அதன் மடங்குகளும் கூடவே எழும்புகின்றன. ஸ்வரத்தில் சொன்னால் சட்ஜம், மேல் சட்ஜம், பஞ்சமம், அதற்கும் மேல் சட்ஜம், பிறகு அந்தர காந்தாரம். தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் காதைக் கூர்மையாக்கினால் கேட்கிற அதே வரிசை. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று. அங்கே இந்த இரைச்சல் ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் நடுவில், எதிலும் சேராமல் தொங்கும்.

அக்கா மகன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். நண்பன் வீட்டு மொட்டை மாடியில் நாற்பது நிமிஷம், ஆட வருகிறவர்களுக்கு நேரடியாக வாசிக்க வேண்டும். லேப்டாப்பைத் திறந்து பாட்டுப் போடுவதில் அவனுக்கு விருப்பமில்லை. கையால் வாசிக்க வேண்டும், எல்லாம் ஒரு முதுகுப் பையில் அடங்க வேண்டும், ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். பெட்டிகளை வாங்குமுன் ஒரு நீளப் பட்டியலோடு என்னிடம் வந்திருந்தான். எந்தப் பெட்டியில் எத்தனை ஒலி, எத்தனை நினைவகம் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தான்.

பட்டியலை மடித்து வைக்கச் சொன்னேன். பாடகர் ஒருவர் பக்கவாத்தியம் தேர்ந்தெடுக்கும்போது வயலின்காரருக்கு எத்தனை ராகம் தெரியும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. சுருதியில் நிற்பாரா, லயம் ஓடாதா, நான் ஒன்று சொன்னால் பதில் சொல்வாரா என்றுதான் பார்க்கிறார். பெட்டிகளுக்கும் அதே கேள்விகள்தான். ஏனென்றால் இந்தப் பெட்டிகள் எல்லாமே பிறக்கும்போது பக்கவாத்தியமாகத்தான் பிறந்தன.

அதில் ஒன்று பிறந்தது இதே ஊரில். பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979ல் மின்னணுத் தம்புராவை உருவாக்கி, அதே ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியின் இசை மாநாட்டில் காட்டினார். அவர் தொடங்கிய ராடெல் நிறுவனம் பிறகு 'தால்மாலா' என்ற மின்னணுத் தபலாவையும் டிஜிட்டல் வீணையையும் செய்தது. அதுவரை தம்புரா என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கிற ஒரு குடமும் தண்டியும். ரயிலில் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விடும். மீட்ட ஓர் ஆளும் வேண்டும். இல்லாவிட்டால் துருத்தி வைத்த சுருதிப் பெட்டி, அதை அமுக்கவும் ஒரு கை. ராஜ் நாராயண் செய்தது அந்த ஆளையும் கையையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் கொண்டுவந்தது.

உள்ளே என்ன நடக்கிறது? தந்தி கிடையாது. ஓர் அலையியற்றி, அதாவது குறிப்பிட்ட வேகத்தில் தானாகவே மின் அழுத்தத்தை ஏற்றி இறக்குகிற சுற்று, அதிர்வை உண்டாக்குகிறது. இன்னொரு சுற்று அந்த ஒலியைச் சட்டென்று எழுப்பி மெதுவாக அடங்கவிடுகிறது, அதுதான் மீட்டல். மூன்றாவது சுற்று பஞ்சமம், சாரணை, சாரணை, மந்தரம் என்று நான்கு மீட்டல்களையும் வரிசை தவறாமல் சுழற்றுகிறது. அலையியற்றி, ஒலி எழுந்து அடங்கும் உருவம், வரிசை ஓட்டி: நடன இசைக்கென்று இன்று விற்கிற எந்தப் பெட்டியைத் திறந்தாலும் இந்த மூன்றும் இருக்கும். அக்கா அலமாரியில் இருபது வருஷமாகக் கிடந்த சுருதிப் பெட்டியும் அவள் மகன் வாங்கிய பெட்டியும் ஒரே குடும்பம்.

தம்புராவைப் பெட்டிக்குள் கொண்டுவருவது ஏன் அத்தனை கடினம் என்பதைக் கண்டுபிடித்தவரும் பிற்பாடு பெங்களூர்க்காரர் ஆனவர்தான். தந்தியை நடுவில் மீட்டினால், நடுப்புள்ளியில் அசைவில்லாத மடங்குகளான இரண்டாவது, நான்காவது, ஆறாவது எல்லாம் எழவே கூடாது என்பது ஐரோப்பிய இயற்பியலின் விதி. தம்புராவில் அவை எழுகின்றன. 1921ல், கல்கத்தாவில் இருந்தபோது, சி.வி. ராமன் இதைப் பற்றி எழுதினார். வளைந்த மேடான குதிரையும் அதன்மேல் வைக்கிற நூலும் தந்தியை உரசியும் விலகியும் அந்த விதியை உடைக்கின்றன. 1933ல் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராகப் பெங்களூர் வந்தவர், அடுத்த ஆண்டே இங்கே அவர் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் மிருதங்கம், தபலா பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சாதாரணத் தோல் வாத்தியம் எழுப்பும் மேலொலிகள் ஒன்றோடொன்று சேராது. அதனால் அதில் ஸ்வரம் கேட்காது, சத்தம்தான் கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் பூசுகிற கரணை அந்தச் சிதறலை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. ஒன்பது விதமான அசைவுகள் சேர்ந்து ஐந்தே ஐந்து மடங்குகளில் வந்து அமர்கின்றன. மிருதங்கம் சுருதி சேர்வது அதனால்தான்.

இதை நான் இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிரம் பெட்டி வாங்குகிறவர்கள் கிக்கின், அதாவது அடி டிரம் ஒலியின், பலத்தைக் கேட்கிறார்கள், அதன் சுருதியைக் கேட்பதில்லை. 1980ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 என்ற பெட்டியின் கிக் இன்றும் உலக நடன இசையின் அடிநாதம். அதற்குள் பதிவு செய்த டிரம் ஒலி எதுவும் இல்லை. மணியைத் தட்டினால் ரீங்கரிப்பது போல, ஒரு மின்துடிப்பால் தட்டப்பட்டதும் ஏறக்குறைய 50 அதிர்வில் ரீங்கரித்து அடங்குகிற ஒரு சுற்று, அவ்வளவுதான். மேலொலி மிகக் குறைவு, வடிகட்டிய ஒற்றை நாதம். அதை நீளமாக ஒலிக்கவிட்டால் அது ஒரு ஸ்வரம். பாட்டு ஐந்து கட்டையில் இருந்தால் கிக் மந்தரத்துக்கும் கீழே சட்ஜமாக உட்காரும். பாட்டு ஒன்றரைக் கட்டையில் இருந்தால் அதே கிக் பாட்டோடு மல்லுக்கட்டும். கேட்கிறவருக்கு என்ன பிசகு என்று சொல்லத் தெரியாது, ஏதோ சேரவில்லை என்று மட்டும் தெரியும். ஆகவே டிரம் பெட்டிக்கு என் முதல் நிபந்தனை, கிக்கின் சுருதியை மாற்ற ஒரு குமிழ். அது இல்லாத பெட்டி, வார் பிடிக்க முடியாத மிருதங்கம்.

அந்த அடி ஒலி உடலை என்ன செய்கிறது என்பதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கென்றே கட்டிய ஓர் அரங்கில் ஆர்ஃபெக்ஸ் என்ற மின்னணு இசை இரட்டையர் நேரடியாக வாசித்தார்கள். 8 முதல் 37 அதிர்வு வரையுள்ள, காதுக்குச் சரியாக எட்டாத ஒலியைத் தரும் ஸ்பீக்கர்களை ஆய்வாளர்கள் இரண்டரை நிமிஷத்துக்கு ஒருமுறை போட்டும் நிறுத்தியும் வந்தார்கள். கூட்டத்துக்கு அது தெரியவில்லை. ஆனால் ஸ்பீக்கர் ஓடிய நேரத்தில் அவர்களின் அசைவு சராசரியாக 11.8 சதவீதம் கூடியிருந்தது. 2022ல் வெளியான முடிவு இது. காது அறியாததைத் தோலும், உள்காதின் சமநிலை உறுப்பும் அறிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

மொட்டை மாடிக்கு அப்படிப்பட்ட ஸ்பீக்கர் வராது. ஐந்தங்குல ஸ்பீக்கரில் 49 அதிர்வு பாதி கூட வெளியே வராது. ஆனால் மனிதக் காது தாராளமானது. 98, 147, 196 என்று மடங்குகள் மட்டும் வந்தாலும், அவற்றுக்கெல்லாம் வேரான 49ஐ மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்பதும் இதனால்தான். வடிகட்டிய ஒற்றை நாதத்துக்கு மடங்குகள் இல்லையே? அதற்குத்தான் டிரம் பெட்டிகளில் 'டிரைவ்' என்ற குமிழ். அலையின் முகட்டை அது நசுக்குகிறது. நசுங்கிய அலையில் மடங்குகள் பிறக்கின்றன. ராமன் கண்ட கரணையின் வேலையை இங்கே ஒரு நசுக்கல் செய்கிறது என்று சொன்னால் இயற்பியலாளர்கள் சண்டைக்கு வரலாம். ஆனாலும் காதுக்குக் கிடைக்கும் பலன் ஏறத்தாழ அதுதான்.

அடுத்தது பேஸ் பெட்டி. இங்கே ஒரு மனிதரைச் சொல்லாமல் நகர முடியாது.

ரோலண்ட் 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்ற வெள்ளிநிறக் குட்டிப் பெட்டியை விற்றது. தனியாக கிட்டார் வாசிக்கிறவருக்குப் பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காவிட்டால் இந்தப் பெட்டி துணைக்கு வாசிக்கும் என்றார்கள். அந்த வேலையை அது கேவலமாகச் செய்தது. யாருக்கும் பேஸ் கிட்டார் போலக் கேட்கவில்லை. 1984க்குள் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். மொத்தம் சுமார் 10,000 பெட்டிகள். தம்புராவுக்குப் பதிலாக வந்த பெங்களூர்ப் பெட்டி தன் வேலையைச் செவ்வனே செய்து மேடையில் இடம்பிடித்தது. பேஸ் கிட்டாருக்குப் பதிலாக வந்த ஜப்பான் பெட்டி தோற்றுப்போய்ப் பழைய சாமான் கடைக்குப் போனது. அங்கிருந்து அதை மலிவாக வாங்கிய சிகாகோ இளைஞர்கள், குமிழ்களைக் கண்டபடி திருகி 1987ல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பதிவை வெளியிட்டார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை அங்கே தொடங்குகிறது என்பது வழக்கமான வரலாறு.

ஆனால் அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1982ல், மும்பைத் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், சிங்கப்பூரில் வாங்கிய 303, 808 பெட்டிகளையும் ஒரு ஜூபிடர்-8 கீபோர்டையும் இணைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக்கினார். மால்கௌன்ஸ் அதில் உண்டு, நம் ஹிந்தோளம். பூபாளி உண்டு, நம் மோகனம். யமன் உண்டு, நம் கல்யாணி. அந்தத் தட்டு அப்போது விலைபோகவில்லை. 2010ல் டச்சு சேகரிப்பாளர் ஒருவர் மறுவெளியீடு செய்தபோதுதான், சிகாகோவில் பிறந்ததாக நம்பிய ஒலி மும்பையில் முன்பே ஒலித்திருப்பதை உலகம் கேட்டு வாயடைத்தது. அதன் பிறகு அவர் தள்ளாத வயதில் வெளிநாட்டு மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார். 2015ல் மறைந்தார். ஒரு காலத்தில் மின்னணு இசைக்கு ஓர் அறையே தேவைப்பட்டது. 1969ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் நிறுவிய மூக் சிந்தசைசர் அலமாரி அளவுக்கு இருந்தது. பதின்மூன்று வருஷத்தில், ஒரு தனி ஆள் விமானத்தில் கொண்டுவந்து வீட்டில் வைத்து வாசிக்கும் அளவுக்கு அது சுருங்கிவிட்டது.

கிட்டாருக்குத் தோற்ற பெட்டி ராகத்துக்கு எப்படிப் பொருந்தியது? இரண்டு காரணங்கள். ஒன்று, அதில் 'ஸ்லைடு' என்று ஒன்று உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிப் போகும். நாம் ஜாரு என்போமே, அது. பாடகர் ஜாருவின் வேகத்தை இடத்துக்கு ஏற்ப மாற்றுவார். பெட்டி எந்த இடைவெளிக்கும் ஒரே நேரம்தான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பிடிவாதமே அதற்கொரு குணமாகிவிட்டது.

இரண்டாவது அதன் ஃபில்டர். இதைப் புரிந்துகொள்ள மோர்சிங் போதும். மோர்சிங்கின் எஃகு நாக்கு ஒரே சுருதியில்தான் அதிரும். ஆனால் வாசிக்கிறவர் வாயை 'ஊ' என்று குவித்து 'ஆ' என்று விரித்து 'ஈ' என்று இழுக்கும்போது, அந்த ஒரே அதிர்வின் வேறு வேறு மடங்குகளை வாய்க்குகை தூக்கிக் காட்டுகிறது. அதனால்தான் ஒற்றை ஸ்வரக் கருவி பேசுவது போல இருக்கிறது. 303க்குள்ளும் இதே கதை. அலையியற்றி எல்லா மடங்குகளும் நிறைந்த ரம்பப்பல் அலையைத் தருகிறது. ஃபில்டர் மேல்மடங்குகளை வெட்டுகிறது. 'ரெசனன்ஸ்' என்ற குமிழ், வெட்டுகிற விளிம்பிலுள்ள மடங்கை மட்டும் ஊதிப் பெரிதாக்குகிறது. விளிம்பை நகர்த்தினால் 'ஊ' 'ஈ' ஆகிறது. அந்தக் குழைவான, சவைக்கிற சத்தத்தை அக்கா மகன் இணையத்தில் நூறு முறை கேட்டிருக்கிறான். அவன் கையைப் பிடித்துக் குமிழில் வைத்து, மோர்சிங்காரரின் வாயை நினைத்துக்கொண்டு திருகச் சொன்னேன். ஒரு நிமிஷம் சும்மா திருகினான். பிறகு 'தகதிமி'யில் ஒவ்வோர் அட்சரத்துக்கும் ஒரு வாய் வைத்தான். பெட்டி பேசிவிட்டது. அடுத்த இருபது நிமிஷம் அவன் வேறு எதையும் தொடவில்லை.

இந்த அனுபவத்திலிருந்துதான் வாங்குகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது வருகிறது. ஃபில்டருக்குத் தனிக் குமிழ் வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு தொடும்படி. சின்னத் திரையில் மூன்று பக்கம் புரட்டி அடைகிற ஃபில்டர், இருட்டிய மாடியில் இல்லாததற்குச் சமம். கோர்க் நிறுவனத்தின் வோல்கா பெட்டிகள் 2013ல் வந்தபோது உலகம் முழுக்கப் பிரியமானதற்கு இதுவே காரணம்: டிரம்முக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு புத்தக அளவு, ஆறு பென்சில் பேட்டரி, வேலைக்கு ஒரு குமிழ். 2015ல் வந்த பாக்கெட் ஆபரேட்டர் இன்னும் சின்னது. மேலுறை இல்லாத கால்குலேட்டர் போல இருக்கும், சட்டைப் பையில் போடலாம். 2022ல் ரோலண்டே டி-8 என்று டிரம்மையும் 303 சாயல் பேஸையும் ஒரே உள்ளங்கைப் பெட்டியில் வைத்தது. பைக்கு அது அருமை. ஆனால் என் விரல் தடிமனுக்கு இரண்டு தனிப் பெட்டிகளே தோது. ஒன்றில் கை இருக்கும்போது மற்றது தன்பாட்டுக்கு ஓடும்.

தன்பாட்டுக்கு ஓடுவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. முதல் நாள் அவன் இரண்டு பெட்டியிலும் நிமிஷத்துக்கு 125 அடி என்று ஒரே எண்ணை வைத்து, இரண்டையும் ஒரே நொடியில் தட்டிவிட்டான். ஐந்து நிமிஷம் எல்லாம் நன்றாகப் போனது. அப்புறம் கிக் 'டும்' என்பதற்குப் பதிலாக 'ட்டும்' என்று இரட்டிக்கத் தொடங்கியது. பழுது எதுவும் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம்தான் காலத்தை அளக்கிறது. பத்து லட்சத்தில் 50 பங்கு பிழை அதற்குச் சகஜம். பத்து நிமிஷத்தில் அது 30 மில்லி விநாடி. ஒன்று முந்தி மற்றது பிந்தினால் அதுவே இரட்டிப்பு. 20 மில்லி விநாடியைத் தாண்டினால் எது முன், எது பின் என்று காது பிரித்துவிடும். மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு ஒலி வந்துசேரவே 9 மில்லி விநாடி ஆகிறது. அதைக் காது பொறுத்துக்கொள்ளும். மூன்று மடங்கைப் பொறுக்காது.

தீர்வு, ஒருவர் தாளம் போட மற்றவர் அதைப் பார்த்து வாசிப்பது. 1983ல் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இக்குதாரோ காக்கேஹாஷியும் முன்னின்று கொண்டுவந்த மிடி என்ற பொதுமொழி இதைத்தான் செய்கிறது. தலைமைப் பெட்டி ஓர் அடிக்கு 24 துடிப்பு அனுப்பும். 125 அடி வேகத்தில் ஓர் அடி 480 மில்லி விநாடி. துடிப்புக்குத் துடிப்பு கச்சிதமாக 20. துணைப் பெட்டி தன் படிகத்தை நம்பாமல் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னைத் திருத்திக்கொண்டே வரும். பரதநாட்டியத்தில் நட்டுவனார் தாளத்தைத் தட்டும்போது மிருதங்கமும் வயலினும் ஆடுகிறவர் காலும் அந்த ஒரே உலோகச் சத்தத்தில் கட்டுண்டு நிற்பது போல. ஆகவே இரண்டாவது நிபந்தனை: எத்தனை பெட்டி இருந்தாலும் நட்டுவனார் ஒருவர்தான். அவரிடமிருந்து மற்றப் பெட்டிகளுக்கு ஒயர் போக வழி இருக்க வேண்டும். வாங்குமுன் பின்பக்கத் துளைகளைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். வோல்காவும் பாக்கெட் ஆபரேட்டரும் மிடி இல்லாமலே ஒரு சாதாரண 3.5 மில்லிமீட்டர் ஜாக் ஒயரில் துடிப்பைப் பரிமாறிக்கொள்ளும். அந்த ஒயர் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் கிடைக்கும். இரண்டாக வாங்கி வையுங்கள். நிகழ்ச்சி அன்று முதலில் அறுவது அதுதான்.

மூன்றாவது நிபந்தனை என் சொந்த ஆசை என்றும் சொல்லலாம். பெரும்பாலான பெட்டிகள் பதினாறு கட்டங்களோடு வருகின்றன. நாலு நாலாக நாலு, சதுச்ர நடை. உலக நடன இசை முக்கால்வாசி அதற்குள் ஆடுகிறது. ஆனால் சில பெட்டிகளில் ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி நீளம் வைக்கலாம். எலெக்ட்ரான் நிறுவனம் 2017ல் கொண்டுவந்த டிஜிடாக்ட் அப்படிப்பட்டது. வோல்காவிலும் சில கட்டங்களை அணைத்துவிட்டுச் சுற்றைக் குறுக்கலாம். கிக் பதினாறில் ஓடட்டும். பேஸை ஏழில் வையுங்கள்: தகிட தகதிமி. முதல் சுற்றில் பேஸ் ஏழாவது கட்டத்தில் முடிந்து எட்டில் மறுபடி தொடங்கும். கிக்கோ இன்னும் பாதி வழியில் இருக்கும். இரண்டும் மீண்டும் ஒன்றாகச் சமத்தில் விழ 112 கட்டம் ஆக வேண்டும். 125 அடி வேகத்தில் அது பதின்மூன்றரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பதின்மூன்று விநாடியும் ஆடுகிறவர்களின் உடல் ஏதோ தவறுகிறது, ஏதோ வரப்போகிறது என்று உணர்ந்தபடியே இருக்கும். விழுந்த கணத்தில் எல்லார் தலையும் ஒன்றாக அசையும். கோர்வை முடிந்து எடுப்பில் வந்து உட்காரும்போது சபையில் எழுகிற அந்த மூச்சு, பெட்டியிலும் எழும். கொன்னக்கோல் தெரிந்த ஒருவர் கையில் இந்தப் பெட்டி என்னவெல்லாம் செய்யும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

ஸ்வரம் வாசிக்க ஒரு கீபோர்டு வேண்டுமென்றால் கடைசியாக ஒன்றைப் பாருங்கள். சுருதியோடு வாசிக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் ஸ்வர இடங்களைக் கொஞ்சம் நகர்த்த முடிகிற கருவியாகப் பாருங்கள். சாதாரணக் கீபோர்டில் அந்தர காந்தாரம் இயல்பான இடத்தைவிடத் தூக்கலாக இருக்கும். ஐந்து கட்டைச் சட்ஜம் 196 என்றால் காந்தாரம் 245ல் நிற்க வேண்டும். கீபோர்டு தருவது 247க்கு ஒரு மயிரிழை கீழே. தம்புரா மடங்குகளோடு அது உரசி விநாடிக்கு ஏறக்குறைய எட்டு முறை அலம்பும். 2017ல் வந்த கோர்க் மோனோலாக் போன்ற, பேட்டரியில் ஓடும் சின்னக் கருவியிலேயே இதைத் திருத்திக்கொள்ள வசதி இருக்கிறது. அலம்பல் நின்றதும் அறையே பெரிதாகிவிட்டது போல ஒரு விசாலம் கிடைக்கும்.

மறுபடி அந்த இரைச்சலுக்கு வருகிறேன். ஒவ்வொரு அடாப்டரும் ஒவ்வொரு பிளக்கில், மிக்ஸர் ஒன்றில், ஸ்பீக்கர் இன்னொன்றில் என்று இருக்கும்போது எர்த் வழியாகவும் ஆடியோ ஒயரின் உறை வழியாகவும் ஒரு வளையம் உண்டாகிவிடுகிறது. அதில் ஓடுகிற சிறு மின்னோட்டம்தான் 50, 100, 150 என்று பாடுகிறது. பெட்டிகளைப் பேட்டரியில் போட்டோம். வளையம் அறுந்தது. இரைச்சல் சட்டென்று நின்றபோது வீடு அத்தனை அமைதியானது என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

மாடியில் ஒரு டிரம் பெட்டி, ஒரு பேஸ் பெட்டி, ஒரு சின்ன மிக்ஸர், அக்காவின் சுருதிப் பெட்டி. எல்லாம் சேர்ந்து ஒரு மடிக்கணினிப் பையில் அடங்கிவிட்டன. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஆகவே எட்டேகாலுக்கே தொடங்கினான். முப்பது பேர் இருக்கலாம். முதலில் சுருதி மட்டும். பிறகு ஐந்து கட்டையில் கிக். பிறகு ஏழில் பேஸ். மூன்றாவது முறை சமம் விழுந்தபோது ஆட்டம் பிடித்துக்கொண்டது. அக்கா தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் எண்ணிக்கொண்டே இருந்தாள். 112 கட்டம் முடிந்து சமம் விழும்போது அவள் கை ஒருமுறைகூடத் தவறவில்லை.

எட்டே முக்காலுக்கு எழுந்து மகனிடம் வந்தாள்.

"நான் ஒண்ணு பாடவா?"

"பாடும்மா."

"அஞ்சு இப்ப எனக்கு எட்டாதுடா. நாலரை வை."

அவன் என்னைப் பார்த்தான். பேஸை நிறுத்தினான். ஒரு கையால் சுருதிப் பெட்டியை இறக்கினான். மறு கையால் கிக்கின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திருப்பினான், 49, 48, 47. நாற்பத்தாறைத் தொட்டதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.